பரிசுக் கோப்பையும் பழக்கமும்



நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் பழைய வழிக்கே போகும் என்பது நம் முன்னோர் வழக்கு. இன்று நாயை உண்மையாகவே குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்திருக்கும் இல்லங்கள் பல உண்டு. அங்கு எழும் தொல்லையோ வேறு. நாய் நடுவீட்டை விட்டு எங்குமே போவதில்லை என்பதுதான் அத்தொல்லை! இல்லத்தலைவி அடுக்களைக்குச் சென்றால் அடுக்களை வாயிலில் நிற்கும்; கொல்லைப்புறம் சென்றால் கொல்லைப்புறத்தில் நிற்கும்; குளியலறைக் கதவைச் சாத்தினால் கதவைப் பிறாண்டி அழும். இவ்வாறு செல்லத்தில் ஊறி, ஒருவரையே ஒட்டிக்கொண்டு வாழும் கண்காட்சி நாய்க்குக் கீழ்ப்படிதலைப் பழக்குவது எவ்வாறு என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

மீன்சுருட்டியில் ஓர் இல்லத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில், ஜெயங்கொண்டம் சாலை வந்து கூடும் ஊர் அது. சுற்றிலும் முந்திரித் தோப்புகள். சற்றுத் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம். சாலையிலோ இரவு பகலாக ஓயாத வண்டிகள். அவ்வில்லத்து மூத்த மகன் இராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தான். பாலாடை போன்ற வெண்ணிறம், நீண்ட கால்கள், ஒடுங்கிய இடை, இளஞ்சிவப்பு மூக்கு. கண்காட்சியில் கோப்பையும் பெற்றது. பிறகு மகன் வேலைக்காக வெளியூர் சென்றான். நாயோ தாயாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவர் கையால் ஊட்டினால் உண்ணும். அவர் கட்டிலில்தான் உறங்கும். கட்டிலிலிருந்து இறக்க முயன்ற பெரியவரைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமும்.

இப்போது தாயாருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை. இன்னும் ஆறு வாரத்தில் தஞ்சாவூர் சென்று பத்து நாள் தங்க வேண்டும். "நீ வரும்வரை இது பட்டினி கிடந்தே செத்துப்போகும் அம்மா" என்கிறார் மாமனார். "நான் என்ன மாமா செய்யட்டும்? என்னைத் தவிர யாரிடமும் போகமாட்டேன் என்கிறதே" என்கிறார் மருமகள். இடையில் உறவினர் ஒருவர், இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நெடுஞ்சாலையில் விட்டுவிடலாம் என்று யோசனை சொல்லுகிறார். இவ்வில்லம் நம் கற்பனையே. ஆயினும் இத்தகைய பேச்சு எழாத ஊர் உண்டா? அப்பேச்சு எழும் முன்னர்ச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கண்காட்சியில் பரிசு பெற்றது என்பதற்காக நாய் பழக்கப்பட்டது என்று எண்ணுதல் ஆகாது. அங்கு நடுவர் பார்ப்பது இனத்தின் இலக்கணத்தை. எலும்பமைப்பு, பல்வரிசை, நிறம், நடை ஆகியவை அவ்வினத்துக்குரிய அளவில் உள்ளனவா என்பதே கேள்வி. நாய் நான்கு கால்களையும் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். அயலார் ஒருவர் வாயைத் திறந்து பார்க்கப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றின் பக்கத்தில் சீராக ஓடிக் காட்ட வேண்டும். அழைத்தால் வருவதும், சொன்ன இடத்தில் தனித்து இருப்பதும், கதவு சாத்தினால் அமைதி காப்பதும் அங்குக் கேட்கப்படுவதில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கண்காட்சிக்கு நாய் வளர்ப்போரில் பலர் அதற்கு உட்காரவே கற்பிப்பதில்லை. நடுவர் முன் நிற்கவேண்டிய நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் பரிசு போய்விடுமே என்ற அச்சம்!

இவ்வச்சத்துக்கு விடை 1930களிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்க நாட்டில் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்னும் பெண்மணி பூடில் இன நாய்களை வளர்த்துவந்தார். மயிரைக் கத்தரித்து அலங்கரிக்கப்படும் அந்நாய்களை வெறும் அழகுப் பொம்மைகள் என்று பலர் ஏளனம் செய்தனர். அவற்றுக்கும் அறிவு உண்டு என்று காட்ட விரும்பிய அவர், 1933-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில் ஒரு கீழ்ப்படிதல் தேர்வை நடத்தினார். கலந்துகொண்டவை எட்டே நாய்கள். 1936-இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அத்தேர்வுக்கு விதிகளை வகுத்து ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு அவரும் அவருடைய தோழி பிளான்ச் சாண்டர்ஸும் பூடில் நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்நாட்டின் குறுக்கே நெடும்பயணம் செய்து, ஊர் ஊராகப் பழக்கிக் காட்டினர். ஆகவே அழகுக்காக வளர்க்கப்பட்ட நாய் பழகாது என்பது உண்மையன்று. உட்காரவும் நிற்கவும் தனித்தனிச் சொற்களைக் கற்பித்து, கண்காட்சிக்கு ஒரு கயிறும் வீட்டுக்கு ஒரு கயிறும் வைத்துக்கொண்டால், எந்த இடத்தில் எதைச் செய்வது என்பதை நாய் பிரித்தறிந்துகொள்ளும்.

அடுத்து, ஒட்டிக்கொள்ளும் குணத்தின் காரணத்தைப் பார்ப்போம். அதை அன்பு என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். 1998-இல் ஹங்கேரி நாட்டு அறிஞர்கள், தாயைப் பிரிந்த குழந்தை அயலிடத்தில் நடந்துகொள்ளும் முறையை அறிய வகுக்கப்பட்ட சோதனையை நாய்களுக்கும் அவற்றின் உரிமையாளர்களுக்கும் நடத்திப் பார்த்தனர். உரிமையாளர் அருகில் இருக்கும்போது நாய்கள் அறையைச் சுற்றி ஆராய்ந்து விளையாடின. அவர் வெளியேறியதும் கதவருகே நின்றன. நாய் நம்மைத் துணையாகக் கொள்வது இயல்பு என்பது இதனால் விளங்குகிறது. ஆனால் துணை என்பது எதற்கு? துணிவு பெறுவதற்கு அன்றோ? உரிமையாளர் கூடவே இருந்தும் ஓர் அடி விலகி நிற்க முடியாத நாய் அன்பு மிகுந்த நாய் அன்று, அஞ்சுகிற நாய். அதன் அச்சத்தைப் போக்குவதே அதற்குச் செய்யும் நன்மை.

சிலர் இதற்குத் தடியைப் பரிந்துரைப்பர். "ஓநாய்க் கூட்டத்தில் வலியதே தலைமை, ஆகவே நாயை அடக்கி நீ தலைவன் ஆக வேண்டும்" என்பர். அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கண்டு எழுதப்பட்ட கருத்து அது. அதைத் தம் 1970-ஆம் ஆண்டு நூலின் வழியே பரப்பியவர்களுள் ஒருவரான டேவிட் மீச் என்னும் அறிஞரே, காட்டில் வாழும் ஓநாய்களைப் பல்லாண்டு கவனித்த பின் 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் பிள்ளைகளும் சேர்ந்த ஒரு குடும்பமே. அங்குப் பெற்றோர் வழிநடத்துகின்றன, பிள்ளைகள் பின்செல்கின்றன. நம் இல்லத்துக்கும் அதுவே பொருந்தும். தடியால் அடக்கப்பட்ட நாய் தடி இல்லாத வேளையில் கடிக்கும். உறுமியதற்காக அடிபட்ட நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரிக்கை மணியை உடைத்துவிட்டால் தீ அணைந்துவிடுமா?

இனிச் செயலுக்கு வருவோம். எதற்கும் முன்னர் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உணவு மறுப்பது பாசத்தால்தான் என்று நாம் எண்ணியிருக்க, உண்ணிக் காய்ச்சலோ குடற்புழுவோ காரணமாய் இருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். இராஜபாளையம் நாயாயின் செவியையும் சோதிப்பது அவசியம். வெண்ணிற நாய்களில் சில பிறவியிலேயே செவிடாய் இருப்பதுண்டு. இவ்வினத்திலும் அக்குறை காணப்படுகிறது. நாய் பார்க்காதபடி பின்புறம் நின்று ஒரு தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். திரும்பாவிட்டால் அது அடங்காத நாய் அன்று, கேளாத நாய். அதற்குச் சொல்லால் அன்றிக் கைச்சாடையால் கற்பிக்க வேண்டும். ஒட்டிக்கொண்டே திரிவதற்கும் அதுவே காரணமாய் இருக்கலாம். காது கேளாத நாய் தன்னவரைக் கண்ணால்தானே காவல் காக்க முடியும்?

முதல் வாரம், நாய்க்கு அன்று, குடும்பத்துக்குப் பாடம். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பேசுங்கள். தாத்தா 'குந்து' என்கிறார். மகள் 'சிட்' என்கிறாள். தாயார் 'உட்காரு கண்ணு' என்கிறார். மூன்று பேர் மூன்று மொழி பேசினால் நாய் எதைக் கேட்கும்? எந்த மொழியானாலும் சரியே. ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்து, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். உட்கார், நில், வா, இடம், போதும் என்னும் ஐந்து சொற்கள் போதும். அவ்வாறே கட்டிலில் ஏறலாமா கூடாதா, உண்ணும்போது இலையிலிருந்து எடுத்துப் போடலாமா கூடாதா என்பதையும் முடிவு செய்யுங்கள். தந்தை தடுப்பதைத் தாய் கொடுத்தால் பிள்ளை கெடும் என்பதை நாம் அறிவோம். நாயும் அப்படியே. அதைக் கெடுப்பது செல்லம் அன்று; ஆளுக்கொரு சட்டம் இருப்பதே அதைக் கெடுக்கிறது.

அதே வாரத்தில் உணவு முறையையும் மாற்றுங்கள். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, குறித்த நேரம். கையால் ஊட்டுவதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தட்டில் வையுங்கள். இருபது நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். நலமான வளர்ந்த நாய் ஒரு வேளை உண்ணாமல் இருந்தால் கேடில்லை. ஒரு நாள் முழுதும் உண்ணாவிடில் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வேளை தாயார் தட்டை வைத்தால் மறு வேளை மாமனார் வைக்கட்டும். கட்டிலைக் குறித்து நாயோடு மல்லுக்கட்டுதல் வேண்டா. ஒரு துண்டு உணவைக் காட்டி இறங்கச் செய்து, இறங்கியதும் அதைக் கொடுத்தால் போதும்.

இரண்டாம் வாரம் உட்காரக் கற்பியுங்கள். வேகவைத்த கோழி அல்லது முட்டையைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. அவற்றைத் தரவே கூடாது. துண்டை மூக்கின் அருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். தலை நிமிரும், பின்புறம் தாழும். தாழ்ந்த அக்கணமே 'உட்கார்' என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். பத்து நொடி கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை போதும். இராஜபாளையம் போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்குச் சிமெண்டுத் தரையில் உட்காருவது வலிக்கும். சாக்கு விரித்துப் பழக்குங்கள். இதன்பின் சோற்றுத் தட்டு வருமுன் உட்கார வேண்டும். கதவு திறக்குமுன் உட்கார வேண்டும். தடவிக் கொடுக்குமுன் உட்கார வேண்டும். அதுவரை அழுது கேட்டதை அது இனி அமைதியாக இருந்து பெறும்.

மூன்றாம் வாரத்தில் 'இடம்' என்னும் சொல். பழைய சமுக்காளம் ஒன்றை நடுவீட்டு மூலையில் விரியுங்கள். நாய் அதன்மேல் கால் வைத்ததும் ஒரு துண்டு. படுத்ததும் ஒரு துண்டு. தாயார் ஓரடி விலகி உடனே திரும்பி வந்து கொடுக்கட்டும். பிறகு ஈரடி, பிறகு மூன்றடி, பிறகு அடுக்களை வாயில். நாய் எழுந்து பின்தொடர்ந்தால் திட்ட வேண்டா. நாம்தான் விரைந்துவிட்டோம் என்று அறிந்து, மறுபடி ஓரடியிலிருந்து தொடங்குங்கள். ஒட்டிக்கொண்ட நாய் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே: அவர் விலகுகிறார், ஆனால் வருகிறார்.

நான்காம் வாரம் வாசலுக்கு. தாயார் கைப்பையை எடுத்தாலே நாய் நடுங்கத் தொடங்கும். செருப்பை மாட்டினாலே அழத் தொடங்கும். ஆகவே பையை எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல் உட்கார்ந்துவிடுங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போங்கள். அவ்வடையாளங்கள் பொருளற்றுப் போகட்டும். அதன்பின் கதவைச் சாத்தி, நாய் அழத் தொடங்குமுன்னரே திறந்து வாருங்கள். ஐந்து நொடி, பதினைந்து நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்டுங்கள். போகும்போது கொஞ்சி விடைபெறுதலும், வரும்போது ஆரவாரமும் வேண்டா. எச்சில் வழிந்து, கதவைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பதறும் நாய்க்குப் பழக்கம் மட்டும் போதாது. மருத்துவர் மருந்தும் தரவேண்டியிருக்கும்.

ஐந்தாம் வாரத்தில் பொறுப்பு கைமாற வேண்டும். மாமனார் 'உட்கார்' சொல்லட்டும். மகள் 'இடம்' சொல்லட்டும். தாயார் அருகிலே பேசாமல் இருக்கட்டும். காலையும் மாலையும் வெயில் தாழ்ந்த நேரத்தில் மாமனாரே கயிற்றைப் பிடித்து முந்திரித் தோப்புப் பக்கம் நடத்திச் செல்லட்டும். நெடுஞ்சாலை ஓரம் வேண்டா. நாய் இழுத்தால் மரம்போல் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். இழுத்தால் வழி கிடைக்காது என்பதை அது தானே கண்டுகொள்ளும். தோபித்து நூலில், தோபியா தொலைவழி சென்றபோது நாயும் உடன் நடந்ததாகப் படிக்கிறோம். நாயின் துணைமை என்பது அவ்வாறு உடன் நடப்பதுதான். காலைக் கட்டிக்கொள்வது அன்று.

ஆறாம் வாரம் ஒத்திகை. தாயார் ஜெயங்கொண்டத்திலுள்ள உறவினர் இல்லத்தில் ஓர் இரவு தங்கட்டும். நாய் உண்டதா, உறங்கியதா என்று வீட்டார் கவனிக்கட்டும். இன்னும் தேறவில்லை என்றால் மனம் தளர வேண்டா. அது எதில் தவறியதோ அந்தப் படிக்குத் திரும்புங்கள்.

இவ்வழியில் இரண்டு இடர்கள் வரும். முதலாவது, அழுகை குறையுமுன் ஒரு முறை மிகும். இதுவரை அழுதால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால், இன்னும் உரக்க அழுது பார்ப்பது எவ்வுயிர்க்கும் இயல்பே. ஒன்பது நாள் பொறுத்துப் பத்தாம் நாள் மனமிளகிக் கதவைத் திறந்துவிட்டால், பத்து நாள் அழுதால் கதவு திறக்கும் என்று கற்பித்தவர்கள் ஆவோம். எனவேதான் அழவைத்துக் காத்திருப்பதைவிட, அழுமுன் திரும்பி வருவதே சிறந்தது. இரண்டாவது, 'வா' என்ற சொல்லைக் கெடுத்துவிடுதல். நாயை அழைத்து வைத்துக்கொண்டு திட்டுவதோ, மருந்து புகட்டுவதோ கூடாது. வா என்றால் நன்மை என்று மட்டுமே அது அறிந்திருக்க வேண்டும். கதவு திறந்திருக்கையில் சாலைப் பக்கம் பாயும் நாயைத் திருப்பி உயிர் காக்கும் சொல் அது ஒன்றே.

இடையில் எவரையேனும் அது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடுதல் கூடாது.

நெடுஞ்சாலையில் விட்டுவிடலாம் என்ற யோசனைக்கும் ஒரு சொல். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுதல் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 2005-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று இராஜபாளையம் நாய். அஞ்சல்தலையில் இடம்பெறும் அளவுக்குப் பெருமை கொண்ட இனம்தான். ஆனால் கட்டிலில் உறங்கிக் கையால் உண்ட நாய்க்கு லாரியின் வேகம் தெரியாது. தெரு நாய்களின் எல்லை தெரியாது. குப்பையில் இரை தேடவும் தெரியாது. நாம் அதைக் கோப்பைக்காக வளர்த்தோம், வாழ்வதற்கு வளர்க்கவில்லை. அக்குறையை அதன் தலையில் சுமத்தி அதைச் சாலையில் இறக்கிவிடுதல் எவ்வகையிலும் நீதி ஆகாது.

ஆறு வாரம் உழைத்தபின், தாயார் தஞ்சாவூரிலிருந்து திரும்பும் நாளை எண்ணிப் பாருங்கள். நாய் துள்ளி ஓடிவரும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட உடலின்மேல் அது பாயலாகாது. அவர் வாசலிலேயே நின்று, தாழ்ந்த குரலில் 'உட்கார்' என்று சொல்லட்டும். அது உட்காரும். உடலெல்லாம் நடுங்க, வால் தரையைப் பெருக்க, உட்கார்ந்தே இருக்கும். அப்போது அவர் குனிய முடியாவிட்டாலும், மாமனார் ஒரு துண்டைக் கொடுக்கலாம்; மகள் தடவிக் கொடுக்கலாம். அவர்கள் கையையும் அது ஏற்றுக்கொள்ளும்.